காலுக்குக் கவசம் இல்லை

“வளவை ஒருக்கால் பார்த்துவிட்டு வாறதுக்குத் தடித்த சப்பாத்துப் போட்டால் காணாதோ, சுவாமி?” தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்த விவசாயிகள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

காணாது. மிதிவெடி வெடிக்கும்போது சப்பாத்துத் துண்டுகளும் மண்ணும் எலும்பும் சன்னங்களாகித் தசைக்குள் மேல்நோக்கி ஏறும். அதனால்தான் பாதம் போனவருக்கும் முழங்காலுக்குக் கிட்ட வெட்ட நேர்கிறது. 1992 ஆகஸ்ட் 8இல் ஊர்காவற்றுறைத் தீவின் அராலி முனையில் தளபதி டென்சில் கொப்பேகடுவ வாகனத்தில்தான் சென்றார். அந்த இரும்பும் கண்ணிவெடிக்குத் தாங்கவில்லை.

அப்படியானால் வெடி அகற்றுவோர் அணியும் கவசம் எதற்கு? அது நடப்பவருக்கானதல்ல, வெடியைப் பார்த்தபடி முழந்தாளில் இருந்து வேலை செய்பவருக்கானது. அரமிட் நாரில் செய்த மேலங்கி, கழுத்திலிருந்து அடிவயிறு வரை முன்பக்கத்தை மூடும். செக்கனுக்கு 450 மீற்றர் வேகத்தில் வரும் சிறு சன்னத்தை வைத்தே அதன் தாங்குதிறனை அளக்கிறார்கள். முகத்துக்கு 5 மில்லிமீற்றர் தடிப்பான பொலிகாபனேற் மறைப்பு. எங்கள் வெயிலில் அது வியர்வையால் மங்கும்; துடைக்கச் சற்று உயர்த்தும் அந்த நேரத்தில் வெடித்தால் கண் போய்விடும்.

கைக்கு நல்ல கவசம் கிடையாது. தூரம்தான் கவசம்: சற்றுத் தள்ளி நின்றாலே வெடியின் தாக்கம் வெகுவாகக் குறையும். நீளப் பிடி போட்ட வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாக இழுத்துத் தேடும் முறை இலங்கையிலேயே விருத்தியானது. 2002 முதல் வடக்கில் ஹலோ டிரஸ்ட் செய்துவரும் பணியில் எம் பெண்கள் பலரும் இந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறார்கள்.

உங்களுக்கும் தூரமே கவசம். மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் வேலி தாண்டாதீர்கள். காணி துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டறிந்த பிறகே கதியால் நடப் போங்கள்.