பெயர் கிடைக்காத "எண் பத்து"

"வங்கக் கடலில் உருவான காற்றழுத்த தாழ்வு மண்டலம் கடலிலேயே வலுவிழந்து விட்டது."

செய்தித்தாளில் இப்படி ஒரு வரி வந்தால், ஊரில் வீடும் வயலும் உள்ளவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். மற்றவர்கள் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒற்றை வரியில் முடிந்துபோன ஒன்றின் கதை இது. ஆனால், அது பிறந்தது வங்கக் கடலில் அல்ல. 2005-ம் ஆண்டில், அட்லாண்டிக் கடலில்.

கோடைக் காலத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருந்து மழை மேகங்களைச் சுமந்த காற்றலைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பி, கடல் மீது மேற்கு நோக்கிப் போகும். ஆண்டுக்கு சுமார் 60 அலைகள். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் கலைந்துவிடும். அந்த ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி கிளம்பிய ஓர் அலை, 13-ந் தேதி பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே சுமார் 1,600 கிலோ மீட்டர் தூரத்தில் சுழலத் தொடங்கியது. மியாமியில் உள்ள தேசிய புயல் மையம் அதற்கு "பத்து" என்று எண் கொடுத்தது.

பெயர் அல்ல, எண்தான். காற்று மணிக்கு 63 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் அங்கே பெயர் வைப்பார்கள். பத்தின் உச்ச வேகமே 55தான். (நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். 62-ஐத் தொடாதவரை பெயர் கிடையாது.)

ஒரே நாள் ஆயுள்

வெதுவெதுப்பான கடலில் இருந்து நீராவி மேலே போகிறது. குளிர்ந்து மேகமாகும்போது தன்னிடம் உள்ள வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பத்தால் காற்று இன்னும் மேலே எழும்புகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றிலும் உள்ள காற்று பாய்ந்து வருகிறது. பூமி சுழல்வதால் அதுவும் சுழல்கிறது. ஆனால் இந்தச் சுழல் பம்பரம் போல நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தால் போச்சு.

பத்துக்கு நேர்ந்தது அதுதான். பகாமா தீவுகளின் பக்கம், வானத்தில் மிக உயரத்தில், நீண்டதொரு தாழ்வுப் பகுதி இருந்தது. அதனால் உயரத்தில் மேற்குக் காற்று பலமாக அடித்தது. கீழேயோ கிழக்குக் காற்று. கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் இழுபட்டது. சேர்ந்த மேகங்கள் மையத்தை விட்டு விலகின. மறுநாளே, 14-ந் தேதி, அது தாழ்வு மண்டலம் என்ற தகுதியை இழந்தது. எந்தக் கரையையும் தொடவில்லை.

மிச்சம்

ஆனால், மிச்சம் இரண்டாகப் பிரிந்தது. கடல் மட்டத்தில் இருந்த சுழல் மேற்கே போய், 21-ந் தேதி கியூபா அருகே அடங்கியது. நடு உயரத்தில் இருந்த சுழல் பின்தங்கி மெல்ல நகர்ந்தது. மூன்று நாள் கழித்து ஆப்பிரிக்காவில் இருந்து கிளம்பிய வேறோர் அலை, 19-ந் தேதி அதனுடன் வந்து சேர்ந்தது. போர்ட்டோரிக்கோவுக்கு வடக்கே இடியும் மழையுமாகப் பெரிய மேகக்கூட்டம் திரண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பத்தைக் கலைத்த அந்த உயரத் தாழ்வுப் பகுதி அதற்குள் புளோரிடா பக்கம் நகர்ந்து பலவீனமாகிவிட்டது. தடுக்க ஆள் இல்லை. 23-ந் தேதி பகாமா அருகே புதிய தாழ்வு மண்டலம் உருவானது. அதற்கு "பன்னிரண்டு" என்று எண் கொடுத்தார்கள். மறுநாள் அது பெயரையும் பெற்றது: கத்ரினா.

ஆகஸ்டு 29-ந் தேதி அது லூசியானா கரையைக் கடந்தது. கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. ஆயிரத்து முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள்.

பழைய எண்ணையே ஏன் தொடரவில்லை? கடல் மட்டச் சுழல் அதேதான் என்று காட்ட முடிந்தால்தான் பழைய எண் நீடிக்கும். அதுதான் வேறு வழியில் போய்விட்டதே. இது கணக்குப்பிள்ளை வேலையாகத் தோன்றலாம். ஆனால் பத்துதான் கத்ரினாவின் தாய் என்று சொல்வது மிகை. பின்னால் வந்த அலையும், விலகிப்போன உயரத் தாழ்வும் இல்லாமல் கத்ரினா இல்லை.

2006-ல் கத்ரினா என்ற பெயரைப் பட்டியலில் இருந்து நீக்கி, "கத்தியா" என்று மாற்றினார்கள். எண்களுக்கு அந்த விதி கிடையாது. பத்தாவதாக ஒன்று உருவாகும் ஆண்டுகளில் எல்லாம் "பத்து" மறுபடியும் வருகிறது.