பள்ளிக்கூடத்தைக் காத்த அங்கத்தினர்

ஜனங்களின் வோட்டைப் பெற்றுச் சட்டசபைக்குச் சென்றவர், ஜனங்கள் விரும்புவதைப் பேச வேண்டுமா, அவர்களுக்கு நன்மையானதைப் பேச வேண்டுமா? இவ்விரண்டும் முரண்படும் வேளையில்தான் ஒரு பிரதிநிதியின் தரம் விளங்குகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யச் சட்டசபையில் 1835-ஆம் ஆண்டில் அத்தகைய வேளை வந்தது.

தாடியஸ் ஸ்டீவன்ஸ் 1792-ல் வெர்மாண்ட் ராஜ்யத்தில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கால் ஊனம். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டே தாயார் பள்ளிக்கூடம் இருந்த ஊருக்குக் குடியேறினார். ஸ்டீவன்ஸ் டார்ட்மத் கலாசாலையில் பட்டம் பெற்றுச் சிறிது காலம் உபாத்தியாயராக இருந்தார். பின்னர் கெட்டிஸ்பர்க் நகரில் வக்கீலானார். 1833-ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பென்சில்வேனியாவில் அதற்கு முன்பே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு உண்டு. ஆனால் பெற்றோர் தங்களை ஏழைகளென்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மானமுள்ளோர் பலர் அதற்கு இசையவில்லை. சம்பளச் சலுகை கேட்டுத் தலைகுனிந்து நின்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிற நமக்கு அந்த வேதனை நன்கு விளங்குகிறது. 1834-ல் பிறந்த புதிய சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பள்ளிக்கூடங்களை வகுத்தது. செலவுக்கு வரியும் விதித்தது. வரியென்றதும் எதிர்ப்பு மூண்டது. சட்டத்தை ரத்துச் செய்யக் கோரி மனுக்கள் குவிந்தன. மேல்சபை இணங்கிவிட்டது. ஸ்டீவன்ஸின் தொகுதியாரும் ரத்தையே விரும்பினர்.

1835 ஏப்ரல் 11-ந் தேதி அவர் கீழ்ச்சபையில் எழுந்து பேசினார். பிள்ளையில்லாதவன் பள்ளிக்கூட வரி ஏன் கொடுக்க வேண்டும் என்றவர்களை நோக்கி, குற்றஞ் செய்யாதவனும் சிறைச்சாலைச் செலவுக்கு வரி கொடுக்கவில்லையா என்று கேட்டார். சட்டத்தை ரத்துச் செய்வது ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளமிடுவதாகும் என்றார். எதிர்க் கட்சியைச் சேர்ந்த கவர்னர் உல்ஃப் பள்ளிக்கூடங்களை ஆதரித்ததற்காக அவரைப் புகழவும் தயங்கவில்லை. சபையின் மனம் மாறியது, சட்டம் பிழைத்தது.

1838-ல் அந்த ராஜ்யத்தின் புதிய அரசியல் சட்டம் வெள்ளையருக்கு மட்டுமே வோட்டுரிமை வழங்கியது. அதை வகுத்த சபையில் அங்கத்தினராக இருந்தும், ஸ்டீவன்ஸ் அதில் கையொப்பமிட மறுத்தார். பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸில் அடிமை முறையை எதிர்த்து அயராது போராடினார்.

1868-ல் அவர் காலமானார். நிற பேதம் பார்க்கும் இடுகாடுகளை ஒதுக்கி, எல்லா நிறத்தாருக்கும் இடந்தந்த ஒரு சிறு இடுகாட்டையே லங்காஸ்டர் நகரில் தமக்கெனத் தேர்ந்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் அவர் வேண்டிய சமத்துவத்தை மண்ணுக்குள்ளும் வேண்டினார் என்பதை நினைக்கையில் நம் நெஞ்சு நெகிழ்கிறது.