உடலரணும் காசநோய்க் கிருமியும்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களைக் கடந்து திருவள்ளூரை அடைகின்றது. பூவிருந்தவல்லியைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலையோ திருப்பெரும்பூதூரை நோக்கி ஓடுகின்றது. ஏரிகளும் கழனிகளும் நிறைந்திருந்த இந்நிலப்பகுதி முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாக விளங்கிற்று. அம்மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில், 1968ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சி உலக மருத்துவ அறிஞரைத் திகைக்கச் செய்தது. அதன் பொருளை உணர வேண்டுமாயின், காசநோய்க் கிருமிக்கும் மனித உடலைக் காக்கும் அணுக்களுக்கும் இடையே நிகழும் போரை முதற்கண் அறிதல் வேண்டும்.

காசநோயை எலும்புருக்கி என்றும் மக்கள் வழங்குவர். உருகுவது எலும்பன்று, அதனைப் போர்த்திய தசையே. எனினும், மெலிந்த நோயாளியைக் கண்டு வருந்தியோர் இட்ட பெயராதலின், அதிற் குற்றம் காண்பதற்கில்லை. இந்நோயை விளைக்கும் கிருமியை இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் பெர்லின் நகரில் உலகிற்கு அறிவித்தார். அஃது ஒரு சிறு கோல் போன்றது. ஏறத்தாழ 300 கிருமிகளை வரிசையாக நீட்டி வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் நிரம்பும். மெழுகு போன்ற கொழுப்புப் போர்வை அதன் மேனியைக் கவசமாக மூடியிருக்கின்றது. வேறு சில கிருமிகள் அரைமணி நேரத்திற்குள் இரண்டாகப் பெருகிவிடும். இஃது அவ்வாறு பெருக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பொறுமையிற் சிறந்த பகை இது.

நோயாளி இருமும்போது சிதறும் நுண்டுளிகள் காற்றில் மிதந்து, பிறர் இழுக்கும் மூச்சோடு நுரையீரலின் காற்றறைகளை அடைகின்றன. அங்கே விழுங்கணுக்கள் என்னும் காவலர் நாளும் சுற்றித் திரிகின்றனர். கிருமியை விழுங்கி அழிக்கும் அணுக்கள் உடலில் உண்டு என்பதை உருசிய நாட்டு மெச்சினிக்காவ், நட்சத்திர மீனின் இளம் உயிரியில் முள்ளைக் குத்தி ஆராய்ந்து கண்டறிந்தார். 1908ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

விழுங்கப்பட்ட கிருமி அணுவினுள் ஒரு சிறு பையில் அடைபடும். அப்பையோடு, அமிலமும் செரிக்கும் நீர்களும் நிறைந்த வேறொரு பை வந்து கலக்க, கிருமி கரைந்தொழியும். இதுவே வழக்கம். காசநோய்க் கிருமியோ இவ்விரு பைகளும் கலவாதபடி தடுத்துவிடுகின்றது. அடியார் வேடம் பூண்டு மெய்ப்பொருள் நாயனாரின் அரண்மனையுட் புகுந்த முத்தநாதனைப் போல, காவலனே வாயில் திறந்து உள்ளே விட, அக்காவலனின் வயிற்றையே தன் வீடாக்கிக் கொள்கின்றது.

உடலும் வாளா இருப்பதில்லை. வேறு சில அணுக்கள் கிருமியின் கூறுகளைச் சுமந்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று செய்தி சொல்லுகின்றன. சில வாரங்களில் டி-அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் பெருகி நுரையீரலுக்கு விரைகின்றன. அவை சுரக்கும் இண்டர்பெரான் என்னும் பொருள், சோர்ந்து கிடந்த விழுங்கணுக்களுக்குப் புதிய வலிமையை ஊட்டுகின்றது. அணுக்கள் பல கூடிக் கிருமியைச் சுற்றி மதில் எழுப்பினாற்போல் ஒரு சிறு முடிச்சை அமைக்கின்றன. கிருமி பலருள் ஆண்டுக்கணக்கில் அம்முடிச்சினுள் அடங்கிக் கிடக்கும். கிருமி புகுந்தோர் நூற்றுவருள் ஐவர் முதல் பதின்மர் வரையே தம் வாழ்நாளில் நோயுறுகின்றனர். நீரிழிவு, ஊட்டக்குறைவு, எச்.ஐ.வி. தொற்று ஆகியவை மதிலைத் தளர்த்தும். அப்போது முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போல் குழைந்து, உருகி, நுரையீரலிற் குழி விழும். அக்குழியை விளைப்பதிற் கிருமியினும் உடலின் சொந்தப் படையின் சீற்றத்திற்கே பங்கு மிகுதி. குழியிலிருந்து இருமலோடு வெளியேறும் கிருமி அடுத்த வீட்டைத் தேடுகின்றது.

கிருமி அணுக்களுள் ஒளிந்து உறங்குவதாலேயே மருந்தும் நெடுநாள் வேண்டப்படுகின்றது. இருமல் சில வாரங்களில் தணியினும், வழக்கமான மருத்துவம் ஆறு திங்கள் நீளும். மருந்தை நோயாளி தம் வீட்டிலிருந்தே உண்டு நலம்பெறலாம் என்பதை, 1956ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய காசநோய் மருந்தாய்வு நிலையம் உலகிற்குக் காட்டிற்று. காற்றும் உணவும் நிறைந்த மருத்துவமனையிற் கிடந்தோரும், நெருக்கமான ஏழைக் குடில்களில் இருந்தோரும் ஏறக்குறைய ஒரே அளவிற் குணமடைந்தனர்.

இனிச் செங்கற்பட்டு ஆராய்ச்சிக்கு வருவோம். வலியிழந்த மாட்டுக் காசநோய்க் கிருமியே பி.சி.ஜி. தடுப்பூசி மருந்து. பகைவனின் சாயலை முன்னரே காட்டி டி-அணுக்களைப் பழக்குவது அதன் நோக்கம். இங்கிலாந்தில் இளையோர்க்கு அது பெரும்பயன் தந்திருந்தது. இங்கோ 1968 முதல் 1971 வரை ஏறத்தாழ 2,80,000 மக்களுக்குத் தடுப்பூசியோ, மருந்தில்லா வெற்றூசியோ இடப்பட்டது. எவர்க்கு எது என்பதை ஊசியிட்டோரும் அறியார். பின்னர்ப் பதினைந்து ஆண்டுகள் அம்மக்கள் கவனித்து வரப்பட்டனர். 1979ஆம் ஆண்டு வெளியான முதல் அறிக்கையும், 1999ஆம் ஆண்டு வெளியான முடிவறிக்கையும், வயது வந்தோரின் நுரையீரற் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்றே கூறின.

காரணம் யாது? இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த தீங்கு குறைந்த கிருமிகள் மிகுதி. மக்களின் காவலணுக்கள் அவற்றோடு முன்னரே பழகியிருந்தமையால், தடுப்பூசி புதிதாகக் கற்பிப்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை என்பது அறிஞர் பலரின் கருத்து. பிறந்த குழந்தையின் அணுக்களுக்கு அத்தகைய பழக்கம் ஏதுமில்லை. அதன் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயினின்று இவ்வூசி பெரிதும் காக்கின்றது. அதனாலேயே குழந்தை பிறந்தவுடன் அதன் இடத்தோளில் பி.சி.ஜி. ஊசி இன்றும் இடப்படுகின்றது.