தேவாலய ஆர்கனும் அந்தமான் தீவுகளும்

திருக்கோயிலுக்கு நாதசுரமும் தவிலும் எவ்வாறோ, கிறிஸ்தவ தேவாலயத்திற்கு ஆர்கனும் பாடகர் குழுவும் அவ்வாறே. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. நாதசுரக் கலைஞருக்கு அருகில் உடன் வாசிப்பவர் இருப்பார், தவில்காரர் இருப்பார், திருவிழா நாளில் வெளியூர்க் குழுவின் வாசிப்பைக் கேட்கும் வாய்ப்பும் கிட்டும். ஆர்கன் வாசிப்பவரோ தனியர். ஒரு தேவாலயத்திற்குப் பெரும்பாலும் ஒருவரே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாத் தேவாலயங்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆராதனை நடைபெறுகின்றது. அவர் வாசிக்கும் அதே வேளையில்தான் பிறரும் வாசிக்கின்றனர். ஆகவே இருபது ஆண்டுகள் பழகியவர்கூட, பக்கத்துத் தெருத் தேவாலயத்தில் வாசிப்பவரை ஒரு முறையேனும் கேட்டறியாதிருத்தல் இயல்பே.

இக்குறையை நீக்கவே ஆர்கன் கலைஞர்கள் வட்டாரந்தோறும் ஒன்றுகூடும் வழக்கம் மேனாடுகளில் தோன்றிற்று. இலண்டன் மாநகரில் 1864-ஆம் ஆண்டில் ஆர்கன் கலைஞர்களுக்கென்று ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. அமெரிக்காவில் 1896-இல் அவர்களுக்கென ஒரு சங்கம் எழுந்தது. அச்சங்கம் நாடு முழுமைக்குமான மாநாட்டை ஓராண்டிலும் வட்டார மாநாடுகளை மறு ஆண்டிலும் நடத்துவதை நெடுங்கால வழக்கமாகக் கொண்டிருந்தது. இங்கிலாந்தில் 1927-இல் சிட்னி நிக்கல்சன் என்பார் தொடங்கிய திருச்சபை இசைப்பள்ளி, சிற்றூர்ப் பாடகர் குழுக்களையும் பயிற்சியின் எல்லைக்குள் கொண்டுவந்தது.

இத்தகைய கூட்டங்களில் நிகழ்வன இரண்டு. ஒன்று கச்சேரி, மற்றொன்று பயிற்சி வகுப்பு. கச்சேரியில் தேர்ந்த ஒருவர் வாசிக்க, பிறர் அமர்ந்து கேட்பர். வாரந்தோறும் பிறருக்காக வாசிப்பவர், அன்று தாம் கேட்பவராகின்றார். பயிற்சி வகுப்பிலோ செய்தொழிலின் நுட்பங்கள் பேசப்படும். பாட்டின் வேகத்தை எவ்வாறு அமைப்பது, ஒரு சரணத்திற்கும் அடுத்த சரணத்திற்கும் இடையே சபையார் மூச்சு வாங்க எவ்வளவு நேரம் விடுவது, துக்க வீட்டாரின் பாட்டுக்கும் மணவறைப் பாட்டுக்கும் ஒலியை எவ்வாறு மாற்றுவது என்பன போன்றவை நூல்களைப் படித்தால் மட்டும் கைவருவன அல்ல; ஒருவர் கையை மற்றொருவர் கண்டு கற்பன.

கலைஞர்கள் கூடி ஆராயும் இம்முறை நம் தமிழகத்திற்கும் புதிதன்று. தஞ்சையில் வாழ்ந்த சித்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் 1912-ஆம் ஆண்டில் இசைவாணர்களுக்கென ஒரு சங்கம் நிறுவி, தம் பொருளையே செலவிட்டு மாநாடுகள் நடத்தினார். வித்துவான்கள் பாடியும் வாசித்தும் காட்டினர். சுருதிகளைப் பற்றி வாதிட்டனர். அவ்வாராய்ச்சியின் பயனாக 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூல் வெளிவந்தது. பண்டிதர் கிறிஸ்தவர், ஆயினும் அவர் கூட்டிய அவையில் சமய வேறுபாடு இல்லை. தனித்தனியே இருந்த அறிவு ஓரிடத்தில் கூடியபோதுதான் அது நூலாக நிலைபெற்றது என்பதை நாம் இங்குக் கருத வேண்டும்.

இனி, ஆர்கன் என்னும் கருவியைப் பற்றிச் சில கூறுவோம். பைப் ஆர்கன் எனப்படுவது, காற்றுப்பெட்டியின் மேல் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்ட குழல்களின் தொகுதி. துருத்தி காற்றை நிரப்பும். கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழலின் வாயில் திறக்கும். நீண்ட குழல் தாழ்ந்த ஒலியையும் குறுகிய குழல் உயர்ந்த ஒலியையும் தரும். எட்டடிக்கு மேற்பட்ட குழலும் உண்டு. விரலளவே உள்ள குழலும் உண்டு. சென்னை எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் 1883 முதல் இத்தகைய ஆர்கன் ஒன்று இருந்து வருகின்றது. இவ்வளவு பெரிய கருவியை வாங்க இயலாத சபைகளுக்காகப் பிறந்ததே ஆர்மோனியம். இதில் குழல் இல்லை. மெல்லிய பித்தளை ரீடுகள் காற்றால் அதிர்ந்து ஒலிக்கும். பாரிசு நகரத்தில் 1840-களின் தொடக்கத்தில் உருவாகிய இக்கருவி, காலால் மிதிக்கும் ஆர்மோனியமாக நம் தேவாலயங்களுக்கு வந்தது. பின்னர்க் கல்கத்தாவில் கையால் துருத்தியை இயக்கும் சிறு கருவியாகி நாடெங்கும் பரவிற்று.

கருவி எதுவாயினும் அதற்கு முதற்பகை ஈரம். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் உண்டு. மழையில்லா நாளிலும் கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் சுமந்துவரும். மரம் ஊதினால் கட்டைகள் சிக்கும். அழுத்திய கட்டை எழாமல் நின்று, ஒலி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். துருத்தியின் தோல் பூஞ்சணம் பிடித்து வெடிக்கும். ரீடுகளில் களிம்பு ஏறும். கறையான் செய்யும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. வெப்பத்திற்கும் ஒரு விளைவு உண்டு. காற்று சூடேறினால் குழலின் சுருதி உயரும்; ரீடின் சுருதியோ அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே குழலும் ரீடும் கலந்த ஆர்கனில், விடியற்காலை ஆராதனையில் ஒன்றியிருந்த சுருதி நண்பகலில் பிரிந்து நிற்கும். இக்காலத்து மின்சாரக் கீபோர்டுக்குத் தோலும் துருத்தியும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் உப்பும் ஈரமும் அதன் உள்ளுறுப்புகளையும் அரிக்கவே செய்யும்.

மனிதன் கட்டியவற்றை இத்தீவின் இயற்கை எவ்வாறு கொள்ளுகின்றது என்பதற்குப் போர்ட் பிளேருக்கு எதிரேயுள்ள ராஸ் தீவே சான்று. 2018 முதல் அது நேதாஜியின் பெயரைத் தாங்குகின்றது. போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கிய ராஸ் தீவில் அவர்கள் எழுப்பிய தேவாலயம் இன்று கூரையின்றி நிற்கின்றது. அதன் சுவர்களை மரவேர்கள் பின்னிக்கொண்டுள்ளன.

இத்தீவுகள் தமிழர்க்கு அயலானவை அல்ல. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்குத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பதினைந்து பேர். கிறிஸ்தவ சமயத்தினர் நூற்றுக்கு இருபத்தொருவர். தேவாலய இசையின் வரலாற்றிலும் தமிழர் ஒருவருக்கு இங்கே இடமுண்டு. அவர் பெயர் வேதப்பன் சாலமோன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் கார் நிக்கோபார்த் தீவின் மூஸ் என்னும் ஊரில் அரசாங்கப் பிரதிநிதியாகவும் உபதேசியாராகவும் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். சொந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டுக் கடல் கடந்து, பிறமொழி பேசும் மக்களிடையே அவர் வாழ்ந்தார். அவர் எழுதிவந்த நாட்குறிப்பின் பகுதிகளைச் சர் ரிச்சர்ட் டெம்பிள் பின்னர் அச்சிற் கொணர்ந்தார்.

சாலமோனின் மாணவர்களுள் ஒருவரே ஜான் ரிச்சர்ட்சன். அவர் பர்மாவின் மாந்தளை நகரில் கல்வி பயின்று, 1912-இல் தம் தீவுக்குத் திரும்பினார். ஆசிரியராகத் தொடங்கிய அவர், புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார், 1950-இல் பேராயரானார், 1952-இல் அமைந்த முதல் மக்களவைக்கு இத்தீவுகளின் சார்பில் நியமனம் பெற்றார், 1978-இல் மறைந்தார். மக்கள் தம் மொழியில் வழிபடவும் பாடவும் தொடங்கியபின், கார் நிக்கோபாரின் பாடகர் குழுக்கள் வளர்ந்தன. உயர்ந்த பெண்குரல் தொடங்கித் தாழ்ந்த ஆண்குரல் வரை நான்கு பிரிவாகப் பிரிந்து இசைந்து பாடும் முறையில் நிக்கோபார் மக்கள் பேர் பெற்றவர்கள்.

இக்கலை இரு பெருஞ்சோதனைகளைக் கடந்து வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் தீவுகள் இருந்தபோது, ஒற்றர் என்னும் ஐயத்தினால் கார் நிக்கோபாரில் பலர் கொல்லப்பட்டனர். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலை, ஆழிப்பேரலை எழுந்தது. கரையோர ஊர்கள் அழிந்தன. தேவாலயங்கள் பல இடிந்தன. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் மாண்டோரும் காணாமற்போனோருமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். கருவிகள் போயின, புத்தகங்கள் போயின. ஆயினும் பாட்டு நிலைத்தது. ஏன்? அது ஒருவர் விரலில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஊர் மக்கள் அனைவருடைய தொண்டையிலும் வாழ்ந்தது. ஒருவர் மறைந்தால் அந்தக் குரற்பிரிவைப் பாட அருகில் மற்றொருவர் இருந்தார்.

ஆர்கன் கலைஞர் கற்க வேண்டிய பாடம் இதுவே. ஒருவரிடம் மட்டும் தங்கிய கலை அவரோடு முடியும். பலரிடம் பகிர்ந்த கலை பேரலையையும் கடக்கும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட் பிளேரில், தேவாலயத்தில் வாசிக்கும் ஒருவர் நோயுற்றால் மாற்றாள் தேடுவது எளிதன்று. கருவி பழுதுற்றால் செப்பனிடுவோரைக் கடல் கடந்து வரவழைக்க வேண்டும். ஆகவே வட்டாரக் கூட்டம் என்பது நிலப்பரப்பிலுள்ளோர்க்கு ஊக்கம் தருவதாயின், தீவிலுள்ளோர்க்கு அது உயிர்த்தேவை.

அத்தகைய கூட்டம் ஒன்று இத்தீவுகளில் கூடுமாயின், அதன் பயிற்சி வகுப்புகளுக்குப் பொருள் பஞ்சமில்லை. முதலாவது, பராமரிப்பு: துருத்தித் தோலை ஒட்டுதல், ரீடைக் கழற்றித் துடைத்தல், கட்டையின் சிக்கலை நீக்குதல் ஆகியவற்றை ஒவ்வொரு வாசிப்பாளரும் தம் கையால் செய்து பழக வேண்டும். இரண்டாவது, தமிழ்ச் சபைகளுக்கே உரிய ஒரு சிக்கல். பாமாலைப் பாட்டுகள் மேனாட்டு மெட்டில் அமைந்தவை. நான்கு குரலிசைக்கு ஆர்கன் இயல்பாகவே பொருந்தும். கீர்த்தனைகளோ இராகத்தில் அமைந்தவை, கமகம் வேண்டுவன. கட்டைகளின் நிலைத்த சுரங்களில் கமகம் பிறவாது. இக்காரணத்தினாலேயே நம் வானொலி 1940-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கி, 1971-இல்தான் அத்தடையைத் தளர்த்தியது. அவ்வாறாயின் கீர்த்தனைக்கு ஆர்கன் வாசிப்பவர் செய்யத்தக்கது என்ன? பாடுவோரின் ஒவ்வொரு வளைவையும் துரத்தாமல், ஆதார சுருதியை நிறுத்தி, பல்லவியின் முதன்மைச் சுரங்களை மட்டும் தொட்டுக் காட்டி, குரலுக்கு வழிவிடுதலே தக்கது. இதை ஒருவர் வாசித்துக் காட்ட, மற்றவர் பாடிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, நிக்கோபார்ப் பாடகரை ஆசிரியராக வைத்தல். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளின்படி, வெளியார் இசைவின்றி நிக்கோபார்த் தீவுகளுக்குச் செல்லலாகாது. ஆகவே கூடுமிடம் போர்ட் பிளேராகவே இருத்தல் பொருத்தம். கருவியின் துணையின்றிச் சுருதி வழுவாமல் பாடுவோரிடம், கருவியாளர் கற்பதற்குப் பல உண்டு. நான்காவதும் இன்றியமையாததுமானது, ஒவ்வொரு சபையிலிருந்தும் வாசிப்பவரோடு ஒரு சிறுவனோ சிறுமியோ உடன் வருதல். மாணாக்கரின்றி வரும் ஆசிரியர்களின் கூட்டம் நினைவுக் கூட்டமாக முடியும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் இதை அந்தமானுக்கு மட்டும் உரிய செய்தியாகக் கொள்ளலாகாது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் தமிழ் ஆராதனை நடத்தும் சபைகளும் ஒருவகையில் தீவுகளே. அங்கும் கீர்த்தனையின் மெட்டை அறிந்த வாசிப்பாளர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். அவர் ஓய்வுபெறும் நாள் வரும்வரை காத்திராமல், வாரநாளில் ஒரு மாலைப்பொழுதைக் குறித்து, அண்டைச் சபைகளின் வாசிப்பாளர்களை அழைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கச் செய்தல் பெருஞ்செலவு வேண்டாத பணி. ஒரு பாயும் ஒரு கருவியும் போதும். சாலமோன் மூஸ் ஊரில் பள்ளி தொடங்கியபோது அவரிடம் அதனினும் மிகுதியாக இருந்திருக்க வேண்டுவதில்லை.