கதைமாந்தருக்கு உயிர் எங்கிருந்து வருகிறது?

நாவல் எழுத உட்காருபவர்கள் பலரும் முதலில் கதைமாந்தருக்கு ஜாதகம் கணிக்கிறார்கள். வயது, ஊர், படிப்பு, பிடித்த பலகாரம் எல்லாம் அதில் இருக்கும். ஆனாலும் பத்து அத்தியாயம் தாண்டியும் அந்த ஆள் எழுந்து நடப்பதில்லை. விவரங்கள் ஒருவரை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். நெருக்கடியில் அவர் என்ன செய்கிறார், சுற்றியிருப்பவர்கள் அவரை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பாத்திரம் வளர்கிறது.

இதைத் தமிழிலேயே கண்ணெதிரே பார்க்கலாம். 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்துவிடுகிறான். அழுதபடி வீடு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். கதை அங்கே முடிந்தது. வாசகர்களிடையே சர்ச்சை கிளம்பியது.

பிறகு ஜெயகாந்தன் தாயின் செயலை மாற்றிப் பார்த்தார். இம்முறை அவள் கத்திக் கூப்பாடு போட்டு விஷயத்தை வெளியே விட்டுவிடுகிறாள். அதிலிருந்து ஒரு நாவலே விரிந்தது: ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-இல் அது சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

நாவலில் அந்தக் கல்லூரிப் பெண்ணின் பெயர் கங்கா. அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரவு தந்து படிக்கவைத்த மாமாவோ அவளிடமே முறைதவறப் பார்க்கிறார். கங்கா படித்து, வேலைக்குப் போய், யாரையும் நம்பாத பெண்ணாக இறுகுகிறாள். அந்த இறுக்கம் ஆசிரியர் ஒட்டவைத்த குணமல்ல; பிறர் நடத்தையால் படிப்படியாக ஏறியது.

காரில் வந்த பிரபு இன்னொரு பாடம். வருடங்கள் கழித்துக் கங்கா தேடிப் போகும்போது வாசகர் வில்லனை எதிர்பார்க்கிறார். அங்கே இருப்பவனோ மனைவியும் மகளும் உள்ள, தன் காலில் நிற்கத் தெரியாத மனிதன். நம்பும்படி நம்மை வியக்கவைப்பதே முழுமையான பாத்திரத்தின் அடையாளம் என்று ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் சொன்னார். பிரபு அதில் தேறுகிறான். எல்லாரும் தேற வேண்டியதில்லை. ஒரே காட்சியில் வந்துபோகும் தபால்காரருக்கு ஒரு குணம் போதும்.

உங்கள் நாவலில் ஒரு பாத்திரம் அசையாமல் நின்றால், அவரைப் பற்றி இன்னொரு பக்கம் வர்ணிக்காதீர்கள். அவர் பெரிதும் நம்பும் ஒருவரை வேறு விதமாக நடந்துகொள்ளச் செய்து, அந்தக் காட்சியைத் திரும்ப எழுதிப் பாருங்கள்.