இடித்த சந்தின் ஒலிக்கு என்ன விலை?

காது வழியே – 17

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. தில்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்கிற சாக்கடையின் கரையில் இருந்த தமிழர் குடியிருப்பான மதராசி கேம்ப்பை புல்டோசர்கள் இடிக்கத் தொடங்கின. சாக்கடையை அடைத்துக்கொண்டு குடியிருப்பு நிற்கிறது, மழைக்காலத்தில் தண்ணீர் வடியாமல் ஊர் மூழ்குகிறது, அகற்றுங்கள் என்று தில்லி உயர் நீதிமன்றம் மே 9 அன்று உத்தரவிட்டிருந்தது. சுமார் 370 குடும்பங்கள். அவற்றில் 215 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு பெறத் தகுதி இருக்கிறது என்றார்கள். அந்த வீடுகளும் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில். மற்ற 155 குடும்பங்கள் பட்டியலிலேயே இல்லை. இதெல்லாம் நாளிதழில் நீங்கள் படித்ததுதான்.

அன்றைக்கு எடுத்த வீடியோ ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நிருபரின் குரல். எந்திரத்தின் உறுமல். தொண்டை அடைக்க யாரோ கொடுக்கும் பேட்டி. பல வீடியோக்களில் இதற்கெல்லாம் அடியில் சோகமாக ஒரு பின்னணி இசை. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேல் தமிழ் பேசிய இடம் அது. அந்தச் சந்து ஒரு வேலைநாள் காலையில் எப்படி ஒலித்தது என்று அந்த வீடியோக்களை வைத்து உங்களால் சொல்லவே முடியாது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விடிகிற நேரத்தில் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடிபடும். தலைக்குமேல், 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய பாராபுல்லா மேம்பாலத்தின் ஓயாத இரைச்சல். விட்டுவிட்டு நிஜாமுதீன் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ரயிலின் ஹாரன். பெண்கள் பக்கத்துக் காலனிகளுக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிப் போனதும், லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளின் கூச்சல். ‘அம்மா, பானி நின்னு போச்சு’ என்று ஒரு பையன் கத்துவான். காய்க்காரரிடம் பேரம் இந்தியில், பிள்ளைக்குத் திட்டு தமிழில். குறுகலான சந்து என்பதால் எந்தச் சத்தமும் சுவரில் பட்டு உடனே திரும்பி வரும். எதிரொலி என்று காதுக்குத் தனியாகத் தெரியாது, ஆனால் குரல் கொஞ்சம் தடித்துக் கேட்கும். தகரக் கூரையின் கீழே நின்றால் அதே குரல் வேறு மாதிரி.

இவற்றில் செய்தி எதுவும் இல்லை. அதனால் மைக் நீட்டவும் ஆள் இல்லை.

செய்தி இல்லாத ஒலிக்கு மைக் நீட்டுகிறவர்களைத்தான் சவுண்ட் ஆர்ட்டிஸ்ட் என்கிறார்கள். சினிமாவுக்கு ஒலி வடிவமைப்பவர்களையும் சிலர் அப்படி அழைக்கிறார்கள். நான் சொல்வது ஓர் ஊரின் ஒலியையே படைப்பாக எடுத்துக்கொள்பவர்களை. தில்லிக்கு இதில் ஒரு நல்ல மரபு உண்டு. 1992இல் மேக்ஸ் முல்லர் பவனில் ஒலிச்சூழல் பயிலரங்கு நடத்த வந்தார் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் என்ற கனடா நாட்டு இசையமைப்பாளர். தில்லிச் சந்தைகளில் கூவி விற்பவர்களின் குரல், சைக்கிள் மணி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் பதிந்துகொண்டு போய், 1997இல் அதிலிருந்து ஒரு படைப்பைச் செய்தார். வேற்று ஊர்க்காரருக்குத்தான் நம் தெருச் சத்தம் கேட்குமா என்று கோபப்பட வேண்டாம். இங்கேயே ரஷ்மி கலேகா இருக்கிறார். தில்லித் தெருக்களில் தலைச்சுமையாகவும் தள்ளுவண்டியிலும் விற்கப் போகிறவர்களின் கூவலைப் பல வருஷம் விடாமல் பதிந்து, கலைக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர். காய்கறி ஆப்பில் வர ஆரம்பித்த பிறகு அந்தக் கூவல்களில் எத்தனை மிச்சம் என்று கேட்டால், அவருடைய பதிவுகளின் மதிப்பு புரியும்.

சரி, இந்த வேலையில் சோறு கிடைக்குமா? கிடைக்காது. இதை இத்தனை வெளிப்படையாக யாரும் எழுதுவதில்லை. ஒரு ஒலிக் கலைஞர் வாடகை கட்டுவது இன்னொரு வேலையில். விளம்பரப் படத்துக்குப் பின்னணி ஒலி, கம்பெனி வீடியோவுக்கு மிக்ஸிங், தொண்டு நிறுவன ஆவணப்படத்துக்கு ஆம்பியன்ஸ், பாடப் புத்தகத்தை ஆடியோவாக்குவது, பாட்காஸ்ட் வெட்டி ஒட்டுவது. மாதத்தில் முக்கால்வாசி நாள் இதற்குப் போகும். மிச்ச நாளில்தான் நாலாக்கரையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்க முடியும்.

ஏஐ வந்து உட்கார்ந்திருப்பது அந்த முக்கால்வாசியில்.

கருத்தரங்குகளில் நிபுணர்கள் தரும் ஆறுதலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். ‘எந்திரம் சில்லறை வேலையை எடுத்துக்கொள்ளும், உண்மையான கலை மனிதனிடமே இருக்கும்’ என்கிறார்கள். இருக்கட்டும் ஐயா. அந்தச் சில்லறை வேலைதான் கலைக்கு அரிசி வாங்கிப் போட்டது. அதைப் பிடுங்கிக்கொண்டு ‘உன் கலை பத்திரமாக இருக்கிறது’ என்றால் அந்தக் கலையைச் செய்ய யார் உயிரோடு இருப்பார்கள்?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விளம்பர நிறுவனம், பெயர் வேண்டாம், தில்லிக் குடிசைப் பகுதி ஒன்றின் காலை நேர ஒலியை ஒலிப்பதிவு செய்கிற என்னிடம் கேட்டது. விலை சொன்னேன். மறுநாள் ஒரு ஃபைல் அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்தால் ஒலியாக மாற்றித் தரும் மென்பொருளில் அவர்களே உருவாக்கியதாம். ‘கொஞ்சம் க்ளீன் பண்ணிக் கொடுங்க சார், அதற்கு என்ன ஆகும்?’ என்று கேட்டார்கள். கேட்டுப் பார்த்தேன். மோசம் என்று சொல்ல முடியாது. சேவல் கூவுகிறது, பாத்திரம் உருள்கிறது, கோயில் மணி அடிக்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தூரத்தில் பேச்சு. அந்தப் பேச்சை மட்டும் தனியாக ஏற்றிக் கேட்டேன். தமிழ் இல்லை, இந்தி இல்லை, எதுவுமே இல்லை. பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது, உள்ளே சொல் கிடையாது. சென்னையில் கூட்டக் காட்சிக்கு டப்பிங் பேசுகிறவர்கள்கூட ‘என்னய்யா இது அநியாயமா இருக்கு’ என்றாவது நிஜமாகப் பேசுவார்கள்.

இது ஏன் இப்படி என்றால், காரணம் இப்படிப்பட்ட எந்திரங்கள் சாப்பிட்டு வளர்ந்த தீனியில் இருக்கிறது. கூகுள் 2017இல் வெளியிட்ட ‘ஆடியோசெட்’ என்ற தொகுப்பில் யூடியூபிலிருந்து எடுத்த 10 விநாடித் துணுக்குகள் 20 லட்சத்துக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றோ பலவோ பெயர்ச்சீட்டுகள். மொத்தம் 632 வகை. கர்நாடக இசைக்கு ஒரு சீட்டு இருக்கிறது. பாலிவுட்டுக்கு இருக்கிறது. சிதார், தபேலாவுக்கு உண்டு. பறைக்கு இல்லை. 2024இல் வந்த ‘ஸ்டேபிள் ஆடியோ ஓப்பன்’ என்ற ஏஐ மாதிரியைப் பயிற்றுவித்தது சுமார் 4.86 லட்சம் பதிவுகளை வைத்து. அவற்றில் பெரும்பகுதி பார்சிலோனாவிலிருந்து நடக்கும் ‘ஃப்ரீசவுண்ட்’ என்ற பொதுச் சேமிப்பிலிருந்து, உலகெங்கும் ஆர்வலர்கள் இலவசமாக ஏற்றியவை. இவ்வளவிலும் நாலாக்கரைச் சந்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? எந்திரம் தனக்குத் தெரிந்த எல்லாக் குடிசைப் பகுதிகளையும் கூட்டி வகுத்து ஒரு சராசரியைத் தருகிறது. விளம்பரக்காரருக்கு அது போதும். முப்பது விநாடிப் படத்தில் யார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கப்போகிறார்கள்?

ஃபைலை நான் சுத்தம் செய்து கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். கொடுத்தேன். வாடகை கட்ட வேண்டாமா?

நானும் ஏஐ இல்லாமல் இப்போது வேலை செய்வதில்லை. இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் அபாரமாகிவிட்டன. முன்பு அரை நாள் உட்கார்ந்து செய்ததை இப்போது டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். ஒரு ஆவணப்படத்துக்காக மதராசி கேம்ப்பில் முன்பு எடுத்த பேட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். அந்த அம்மாவின் குரல் ஸ்டுடியோவில் பேசியதுபோல் பளிச்சென்று வந்தது. மேம்பால இரைச்சல் போயிற்று. குக்கர் விசில் போயிற்று. பக்கத்து வீட்டு டிவியில் ஓடிய தமிழ் சீரியல் போயிற்று. பேச்சுதான் சரக்கு, மற்றதெல்லாம் குப்பை என்று அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. நீக்கியதை மட்டும் தனியாகக் கேட்கவும் ஒரு வசதி உண்டு. அமுக்கிக் கேட்டேன். இடிபட்ட சந்து முழுவதும் அந்தப் பக்கம் இருந்தது. இப்போது அதையும் தனி ஃபைலாகச் சேமித்துவைத்திருக்கிறேன். சேமித்துவைத்த பெயரிலேயே ஒரு வேடிக்கை: மென்பொருள் அதற்குத் தானாகச் சூட்டிய பெயர் ‘நாய்ஸ்’.

குரல் விஷயத்துக்கு வருவோம். ரஜினி நடித்த ‘லால் சலாம்’ படத்தில் (2024) மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ வழியே கொண்டு வந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்குரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அதே காலகட்டத்தில் ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியில்லாமல் உருவாக்கிவிட்டார்கள் என்று அவர் மகன் எஸ்.பி.பி.சரண் நோட்டீஸ் அனுப்பினார். 2024 ஜூலையில் அரிஜித் சிங் வழக்கில், பாடகரின் குரலை அனுமதியின்றிப் பிரதி எடுப்பது அவருடைய ஆளுமை உரிமையை மீறுவது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடை போட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த உரிமையைக் கேட்டு நீதிமன்றப் படி ஏற, ஊரே அறிந்த குரலாக இருக்க வேண்டியிருக்கிறது. குடத்தை வைத்துக்கொண்டு மகனைத் திட்டிய அம்மாவுக்கு ஏது ஆளுமை உரிமை? யாரோ எடுத்து இணையத்தில் போட்ட வீடியோவிலிருந்து அவருடைய குரல் ஏதாவது தொகுப்பில் சேர்ந்திருந்தால், அது அவருக்குத் தெரியவும் போவதில்லை.

எங்கள் தொழில்காரர்களின் நிலைமையும் அதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியானது. ஒலி வடிவமைப்பாளரைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. பதிவு செய்தவருக்கு அன்றைய கூலி. பதிவின் சொந்தக்காரர் பணம் போட்ட தயாரிப்பாளர். ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி 2009இல் ஆஸ்கர் வாங்கிய பிறகும் இந்த ஏற்பாட்டில் மாற்றம் இல்லை. படைப்பாளர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான சிசாக் 2024 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது: 2028இல் இசைப் படைப்பாளர்களின் வருமானத்தில் 24 சதவீதம் ஏஐயால் ஆபத்தில் இருக்கும் என்கிறது. அவர்களுக்காவது எவ்வளவு போகும் என்று கணக்குப் போட ஒரு சங்கம் இருக்கிறது. ராயல்டியே வாங்காதவனுக்கு எதில் 24 சதவீதம்?

சினிமா ஒலிக்கு வேலை உடனே போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. ‘விருமாண்டி’யில் கமல் நேரடி ஒலிப்பதிவு செய்தபோது கோடம்பாக்கம் முணுமுணுத்தது, இன்றைக்கு அதைக் கேட்டு வாங்கும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். நடிகரின் மூச்சு அந்த இடத்திலேயே வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கும்வரை பூம் மைக் பிடிக்க ஆள் வேண்டும். பெரிய அடி விழப்போவது கீழ்த்தட்டில்: ஒலி லைப்ரரிகளுக்கு விற்றவர்கள், காட்சிக்கேற்ற ஒலியை உண்டாக்கும் ஃபோலி அறையில் செருப்புச் சத்தம் போட்டவர்கள், பாடல் இல்லாத பின்னணி இசையை மணிக்கணக்கில் செய்து கொடுத்தவர்கள். தரமணி திரைப்படக் கல்லூரியிலும் புனேயிலும் ஒலிப்பதிவு படித்து வெளியே வரும் பிள்ளைகள் முதல் வருஷம் கை பழகுவது இந்தத் தட்டில்தான். ஏணியின் மேல்படி நன்றாக இருக்கிறது, கீழ்ப்படிகளைக் காணோம்.

அப்படி வருகிற ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: ‘அண்ணா, இந்த ஃபீல்டுக்கு வரலாமா?’ வா என்றேன். ஆனால் மூன்று பழக்கத்தோடு வா. முதலாவது, பதிவோடு சீட்டு எழுது: இடம், தேதி, நேரம், மைக், எந்தப் பக்கம் பார்த்து நின்றாய், யாரிடம் அனுமதி கேட்டாய். எந்திரம் தருகிற ஒலிக்குத் தேதி கிடையாது, முகவரி கிடையாது. உன்னுடையதற்கு இரண்டும் இருந்தால் நாளைக்கு ஒரு வழக்கிலோ வரலாற்றிலோ அது சாட்சி. இரண்டாவது, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பாதே. 1982இல் தொடங்கிய ஏஆர்சிஇ என்ற ஒலி ஆவணக் காப்பகம் இப்போது குருகிராமில் நடக்கிறது. அது மாதிரி இடங்களில் என்ன நிபந்தனையில் பதிவுகளை வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். மூன்றாவது, பில் எழுதப் பழகு.

மூன்றாவதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. என்னுடைய பில்லைக் காட்டினேன். நாள் கூலி, கருவி வாடகை, பயணப்படி எல்லாம் வழக்கம்போல. அதற்குக் கீழே ஒரு வரி: இந்தப் பதிவை எந்த ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்தக் கூடாது. நரேலாவில் இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. இடம் மாறிப்போன குடும்பங்களைப் பற்றிய குறும்படம். அகலமான தெரு, பாதி காலியான அடுக்குமாடிகள், பேசினால் குரல் எங்கோ போய்த் திரும்புகிறது. சந்துக்கும் அதற்கும் ஒலியில் ஒட்டே இல்லை. பதிய நிறைய இருக்கிறது. தயாரிப்பாளர் நல்ல மனிதர்தான். ஒப்பந்தத்திலும் நான் சேர்த்திருந்த அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்த வரியையும் படித்திருக்கலாம். மேலே உள்ள நிபந்தனை வேண்டாம் என்றால் கட்டணம் மூன்று மடங்கு என்று அதில் எழுதியிருக்கிறது.

(தொடரும்)