இதழில் வராத அஞ்சடி

வீட்டு அலங்காரம் பேச வருகிறவர்கள் என் மேசையில் முதலில் வைப்பது வீட்டு வரைபடத்தை அல்ல, படங்களை. முன்பெல்லாம் 'அஞ்சுங் ஸ்ரீ', 'இம்பியானா' போன்ற மலாய் இதழ்களிலிருந்து கத்தரித்த பக்கங்கள் ஒரு கோப்பில் இருக்கும். இப்போது கைப்பேசியில் நூறு படங்கள். வந்த வழிதான் மாறியிருக்கிறது; படத்து வீடு மாறவில்லை. வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, மேசைமேல் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம். குப்பைத்தொட்டி கிடையாது, மின்விசிறி கிடையாது, சாமி படம் கிடையாது. முக்கியமாக, ஆள் கிடையாது.

ஈப்போவில் பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழில் செய்கிறேன். இதழ்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. எனக்கு இந்த ஆசையை ஊட்டியதே அவைதான்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். பலகைச் சுவர். இடுக்கு வழியே காற்றும் வரும், பக்கத்து வீட்டுச் சண்டையும் வரும். அதை அடைக்க, தீபாவளிக்கு முன்னால் மைதாப் பசை காய்ச்சிச் சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டுவோம். துரை பங்களாவில் சமையல் செய்த அக்கா பழைய ஆங்கில இதழ்களைக் கட்டிக்கொண்டு வந்து தருவார். அதில் வீட்டுப் படங்கள் நிறைய. அம்மா படம் தெரிகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஒட்டுவார். ஆக, தகரக் கூரை கொதிக்கும் அந்த வீட்டில், என் பாய்க்கு நேர் எதிரே இங்கிலாந்துக் குளிருக்குக் கட்டிய கணப்படுப்பு ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. அது எதற்கென்று பல வருடம் எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் வீட்டுச் சாமி மேடை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறையே இல்லாத படம்

வீட்டு இதழ்கள் நேற்று வந்தவை அல்ல. அமெரிக்காவின் 'ஹவுஸ் பியூட்டிஃபுல்' 1896இல் தொடங்கியது. 1901இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற பெண்கள் இதழ், பிராங்க் லாய்ட் ரைட் வரைந்த வீட்டுத் திட்டத்தையே வெளியிட்டது. அன்று அவர் சிகாகோ பக்கத்து இளம் கட்டடக் கலைஞர். உலகப் புகழ் பின்னால் வந்தது. நல்ல வீடு எப்படி இருக்கும் என்று சாதாரணக் குடும்பங்களுக்குக் காட்டிய நன்மை இந்த இதழ்களுடையது. அதை மறுக்க முடியாது.

ஆனால் படம் எப்படித் தயாராகிறது என்பதை வாசகர் அறிவது நல்லது. ஐக்கியா விலைப்பட்டியல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் தொடங்கியது, 2016இல் 32 மொழிகளில் 20 கோடிப் பிரதிகள் போனது. அதில் 2006இல் ஒரு மர நாற்காலியின் படத்தை முதன்முதலாகக் கேமரா இல்லாமல் கணினியிலேயே உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் பொருள்களைக் காட்டும் படங்களில் முக்கால்வாசி கணினியில் செய்தவையாகிவிட்டன. ஆசையோடு நாம் பார்த்த நாற்காலியும் அலமாரியும் பல சமயம் எங்கும் இருந்ததே இல்லை! அச்சுப் புத்தகத்தை 2020 டிசம்பரில் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே பத்து காவானில் அவர்கள் கடை திறந்துவிட்டதால், ஈப்போக்காரர்கள் படம் பார்ப்பதை விட்டு நேரே நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார்கள்.

உண்மையான வீட்டைப் படமெடுத்தாலும் கதை அதிகம் மாறாது. அகலக் கோண லென்ஸ் பத்தடி அறையைப் பதினைந்தடியாகக் காட்டும். பகலிலும் எல்லா விளக்கும் எரியும். மின்கம்பிகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நாம் அந்தப் படத்தைக் கொண்டுபோய் நம் வீட்டில் பொருத்தப் பார்க்கும்போதுதான் சிக்கல். திறந்த சமையலறை அழகுதான். மீன் பொரித்து, மிளகாய் தாளிக்கிற வீட்டில் ஆறே மாதத்தில் சோபாத் துணி மணக்கும். பின்பக்கம் தனியாக ஒரு சமையற்கட்டு, நடுவே கண்ணாடித் தள்ளுகதவு என்று பிரித்தால் இரண்டும் நிற்கும். இன்னொன்று அலமாரிப் பலகை. குளிர் நாட்டு வீட்டில் சாதாரணத் துகள்பலகை பத்து வருடம் உழைக்கலாம். நம் ஈரக்காற்றில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அது ஊறி உப்பிவிடும். அங்கே மட்டுமாவது பிளைவூட் கேளுங்கள்.

படிக்கட்டுக்குக் கீழே சாமியா?

மூன்று வருடத்துக்கு முன் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். இருபத்திரண்டுக்கு எழுபதடி, இரண்டு மாடித் தொடர்வீடு. கையில் ஐம்பத்தைந்தாயிரம் வெள்ளி. அதில் இருபதாயிரம், கூட இருந்த பாட்டி கொடுத்தது. அந்தப் பெண்ணின் அம்மா அவர். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், ஊழியர் சேமநிதியில் மிஞ்சியதை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கோப்பில் இருந்த நாற்பது படங்களையும் அவர் பார்த்திருக்கவில்லை. அவரிடம் யாரும் காட்டவில்லை.

நான் காட்டினேன். நிதானமாகப் புரட்டினார். "நல்லா இருக்குமா," என்றார். பிறகு, "காலையில பசியாறிட்டு நான் எங்க உக்காருறது?" என்று கேட்டார்.

மகளுக்குச் சுருக்கென்றது. "சோபா இருக்குல்லம்மா," என்றாள். பாட்டி பதில் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. லயத்தில் சோபாவுக்கு வேலையே இல்லை. வாழ்க்கை முழுக்க அஞ்சடியில். அரிசி புடைப்பது, பேன் பார்ப்பது, வம்பு பேசுவது, வருகிற போகிறவரைக் கூப்பிட்டு விசாரிப்பது எல்லாம் அங்கேதான். தாமானுக்குக் குடிவந்த தோட்டத்து மனிதர்கள் அந்த அஞ்சடியைக் கார் நிறுத்தும் முன்கூடத்தில் தேடிக்கொள்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு எந்தத் தாமானிலும் போய்ப் பாருங்கள். காருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். நான் பார்த்த எந்த இதழும் அந்த இடத்தைப் படமெடுத்ததில்லை.

சாமிக்கும் இடம் இல்லாமல் இருந்தது. இதழ் யோசனைப்படி, படிக்கட்டுக்குக் கீழே வீணாகும் மூலையில் வைத்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. சாமி தலைக்கு மேலே நாம் நடப்பதா? பாட்டி அதற்கும் வாய் திறக்கவில்லை. வெற்றிலையை மட்டும் வேகமாக மென்றார்.

தொலைக்காட்சிக்குப் பின்னால் பளிங்குபோலத் தெரியும் ஒரு சுவர் அவர்கள் பட்டியலில் இருந்தது. ஒன்பதாயிரம் வெள்ளி. அதை விட்டுக்கொடுத்தால் மற்ற இரண்டும் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை. கணவன் மனைவிக்குள் சண்டை வேறு என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைசியில் சுவர் போனது. கூடத்தில் நான்கடி அகலத்தில் கதவு வைத்த சாமி மேடை வந்தது. கற்பூரப் புகை வெளியேற மேலே ஒரு துவாரம். முன்கூடத்தில் ஏழடி நீளத்துக்குச் சிமெண்டுத் திண்ணை, மேலே சிவப்புப் பூச்சு. பாட்டிக்குக் கால் எட்டுகிற மாதிரி பதினாறு அங்குல உயரம். செலவு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி.

அந்த வீட்டை ஓர் இதழ் படமெடுக்க வந்தது. சாமி மேடைக் கதவைச் சாத்தச் சொன்னார்கள். மாவிலைத் தோரணத்தைக் கழற்றினார்கள். திண்ணையைச் சுற்றிப்போய் உள்ளே படமெடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். இதழ் வந்ததும் பாட்டியிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "யாரு வூடு இது?" என்றார். மகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்தப் பக்கம் இன்றும் அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

இந்தப் படமோகம் நம் காலத்துக்கு மட்டும் உரியதல்ல. பத்து காஜாவில் கெல்லீஸ் காசல் இருக்கிறதே, தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915 வாக்கில் தொடங்கிய மாளிகை. செங்கல்லும் கட்டுகிற ஆட்களும் சென்னையிலிருந்து கப்பலில் வந்தார்கள். கொள்ளைக் காய்ச்சலில் பல தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழும்பியது. 1926இல் ஸ்மித் லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை முடியவே இல்லை. இன்று அங்கே திருமணப் படம் எடுக்கிறார்கள். விளக்கு எரிவது கோயிலில்.

புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு இரண்டு சொல். முன்பணம் கொடுப்பதற்குமுன், நீங்கள் பேசுகிறவர் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவுபெற்ற உள்ளலங்கார வடிவமைப்பாளரா என்று பாருங்கள்; 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தத் தொழிலைப் பதிவு செய்வது அந்த வாரியம்தான். முன்கூடத்துக் கூரையை நீட்டுவதானால் மாநகர் மன்ற அனுமதி வேண்டும்.

படங்களைக் கொண்டுவாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூடவே இப்போது குடியிருக்கும் வீட்டை, இரவு ஏழு மணிக்கு, ஒதுங்க வைக்காமல் பத்துப் படம் எடுத்து வரச் சொல்கிறேன். போன மாதம் ஒருவர் கொண்டுவந்தார். பத்திலும் சாப்பாட்டு மேசைமேல் மடிக்காத துணி மலையாகக் கிடந்தது. அவருக்கு முதலில் துணி மடிக்க ஒரு மேடைதான் வரைந்துகொண்டிருக்கிறேன்.